லென்ஸ் மேல் ஒரு சந்தனப் பொட்டு

ஊரில் ஒருவன் தபால்தலை சேர்ப்பான், ஒருவன் தீப்பெட்டிப் படம் சேர்ப்பான். நான் மடக்குக் கேமரா சேர்த்தேன். அதிலும் பிரெஞ்சுக்காரன் செய்த பழையவை மட்டும். தங்கையைக் கொடுத்த ஊர் பாண்டிச்சேரி. அங்கே, பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டுப் பரணில் இவை தூங்கிக்கொண்டிருக்கும். மூடினால் வெற்றிலைப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழுந்து, ஆர்மோனியம்போல் மடிப்பு விரிந்து, லென்ஸ் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு ‘டக்’ சத்தத்தில்தான் நான் கவிழ்ந்தேன்.

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டு மேனாம்பேட்டில் குடியிருந்தேன். நான்கு கேமரா சேர்ந்திருந்தன. மூன்றுக்கு மடிப்பு ஓட்டை, ஷட்டர் ஊமை. நான்காவதுதான் உருப்படி, லென்ஸில் ஒரு கீறல் கிடையாது.

அந்த ஆயுத பூஜையன்று, கம்பெனி பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு மதியம் வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்பேனர்கள். நடுவில் நான்காவது கேமரா, வாயைத் திறந்தபடி. முகத்தின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சந்தனத்தில் அதை உரைத்த கல்லின் பொடி இருக்கும். அது காய்ந்தபின் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். கை தானாக நீண்டது.

“தொட்டீங்கன்னா பாருங்க,” என்றாள் மனைவி, வடைச் சட்டியிலிருந்து திரும்பாமலே. “நாளிக்கு காலைல கற்பூரம் காட்டுனப்புறம்தான் எடுக்கணும்.”

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. எங்கள் முதலாளியே பேனாவைத் தொடாத நாள். சத்தம் போடவும் பயம். பூஜைக்கு வைத்ததைக் குறை சொன்னால் வடை கிடைக்காது. பொட்டு உதிருமா என்று தூரத்திலிருந்து ஊதிப் பார்த்தேன். விளக்குதான் அணைந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பாய் வந்தார். பூந்தமல்லியில் தோல் பை தைப்பவர். என் கேமராக்களின் மடிப்புக்கு ஒட்டுப் போடுகிற சிநேகிதர். அவரை ஓரம் கட்டினேன்.

“பாய், நான்தான் தொடக் கூடாது. நீ தொட்டா இன்னா? அந்தப் பொட்ட மட்டும் எடுத்துடேன்.”

“இன்னா மாமே, என்ன மாட்டி வுடப் பாக்குறியா? தங்கச்சி வடை சுட்டுக்கினு கீது. துன்னுட்டுப் போறவன நீ துரத்தி வுட்டுருவ போலக் கீது.”

வடையை மென்றபடி தூரத்திலிருந்தே கேமராவை உற்றுப் பார்த்தார். “ஆமா, லென்ஸு இன்னா மஞ்சளாத் தெரியுது?”

நான் பதில் சொல்வதற்குள் மனைவி அடுத்த ஈடு வடையோடு வந்தாள்.

“பின்ன, கண்ணுல போயி யாராச்சும் பொட்டு வெப்பாங்களாண்ணே? டப்பால ஒரு மஞ்சக் கண்ணாடி இருந்திச்சி. அத மாட்டிட்டு அதும்மேல வெச்சேன்.”

வானத்து மேகம் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக லென்ஸின் மேல் மாட்டுகிற கண்ணாடி. நானே வாங்கி, நானே மறந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

“மத்தியானமே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கேட்டாத்தானே சொல்றதுக்கு. வெளக்க ஊதி அணைச்சப்பதான் நீங்க எதுக்குத் தவிக்கிறீங்கன்னு எனக்கே வெளங்கிச்சி. அப்புறம் உங்க மூஞ்சப் பாக்க நல்லாருந்திச்சி, உட்டுட்டேன்.”

பாய்க்குப் புரையேறியது. எனக்குத் திடீரென்று கொலைப் பசி. அவர் தட்டிலிருந்தும் இரண்டு வடையை எடுத்துத் தின்றேன்.

மறுநாள் காலை கற்பூரம் அணைவதற்குள் அந்த மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினேன்.

“சொல்லியும் நம்பிக்கை இல்ல,” என்றாள்.

இல்லைதான். உள்ளே லென்ஸ் ஒரு தூசிகூட இல்லாமல் என் அசட்டு முகத்தைத் தலைகீழாகக் காட்டியது.