பரமேஸ்வரி அக்கா சொன்ன பெர்மெசோ

ஞாயிறு காலை, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பரமேஸ்வரி அக்கா வேலை செய்த லிபெர்த்தா தெரு வீட்டு எசமானி, சின்யோரா, பேசினார். "பரமேஸ்வரி நேற்று மாலை நெஞ்சுவலியில் இறந்துவிட்டாள். நாளைக்கு என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள உங்களில் யார் வருவீர்கள்?" இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த வீட்டுக் கிழவியை ஒன்பது வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிக் கிடத்தியவர் அக்கா.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலெர்மோவுக்கு வந்த முதல் மாதம், வேலை வீட்டு வாசலில் நின்ற விருந்தாளி ஒருவர் "பெர்மெசோ?" என்றிருக்கிறார். உள்ளே வரலாமா என்று கேட்கும் மரியாதை அது. இலங்கையிலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கோ பெர்மெசோ என்றால் வதிவிட அனுமதிப் பத்திரம் மட்டுந்தான். அக்கா அறைக்கு ஓடிப்போய்த் தன் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டிவிட்டார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், "உள்ளுக்கு வரவும், விலத்திப் போகவும் அந்தச் சொல்லுத்தானாம். இவ்வளவு மரியாதை தெரிஞ்ச சனம் எங்களை ஏன் பத்திரத்துக்கு வரிசையிலை காய விடுகுது?" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குடும்பம் கென்யாவில் ஒரு வனவிலங்குப் பூங்காவுக்குப் போனது. கிழவியும் போனதால் அக்காவும் போகவேண்டி வந்தது. வவுனியாவில் இருந்த மகளை இங்கே கூப்பிட அக்காவுக்கு, வேலை கொடுத்தவரான சின்யோராவின் கையெழுத்து தேவைப்பட்டது. திரும்பி வந்ததும் போடுகிறேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். "நான் மிருகம் பாக்கவோ போறன்? பிள்ளைக்காகப் போறன்" என்றார் அக்கா.

ஆறு நாளும் விடுதி அறையில் கிழவியோடு அடைந்து கிடந்தார். ஏழாம் நாள் கிழவிக்கும் சிங்கம் பார்க்க ஆசை வந்ததால் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அங்கே நடந்ததை எங்கள் குசினியில் ஒரேயொரு தடவைதான் சொன்னார்.

"சிங்கம் ஒரு வரிக்குதிரையைப் பிடிச்சிட்டுது. அதுக்குப் பசி, நான் குறை சொல்லேல்லை. ஆனா சுத்திவர ஏழு ஜீப், தம்பி. பாண் கடிச்சுக்கொண்டு பாக்கினம். அது இன்னும் காலை உதறுது, இவை கை தட்டினம். கிட்டக் கொண்டுபோ, அதின்ரை கண்ணைப் படம் எடுக்கவேணும் எண்டு சின்யோரா கத்துறா. ஊரிலை சண்டைக்காலத்திலை செத்தவையைச் சுத்தி நிண்டு படம் எடுத்த ஆக்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தினம்."

அந்த ஜீப்புக்குள் அக்கா எழுந்தார். "பெர்மெசோ" என்றார். சின்யோராவின் கமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எவ்வளவு கத்தியும் விலகவில்லை.

அதன் பிறகு கையெழுத்து விழவேயில்லை. கேட்கும்போதெல்லாம் சின்யோராவுக்கு நேரமில்லை. "பேசாமல் இருந்திருக்கலாமோ, தம்பி?" என்று ஒருநாள் அக்கா கேட்டார். "ஓம் அக்கா, இருந்திருக்கலாம்" என்றேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இறந்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். பத்திரத்தில் ஒட்டிய முத்திரையளவுப் படம்கூட முத்திரை குத்தி அழிந்திருந்தது. சின்யோராவிடம் கேட்டபோது தானே கொண்டுவந்தார். வாசலில் நின்று "பெர்மெசோ?" என்றார். நான் வாசலுக்கே போய்ப் படத்தை வாங்கிக்கொண்டேன். ஆப்பிரிக்காவில் எடுத்த அத்தனை படங்களிலும் அக்கா இருந்தது ஒன்றில்தான். பின்னாலிருந்து தெரியும் கொண்டையும், விரித்த இரண்டு கைகளும். சிங்கம் இல்லை. "கெட்டுப்போன படம், அதனால்தான் ஆல்பத்தில் ஒட்டவில்லை" என்றார்.

அதற்குத்தான் மாலை போட்டோம். முகம் தெரியிற படம் இல்லையோ என்று மகள் தொலைபேசியில் அழுதாள். "இல்லைப் பிள்ளை. அம்மா மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறா. அந்த வரிக்குதிரைக்குத்தான் முகம் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அக்கா, அன்றைக்கு நான் சொன்னது பிழை. நீங்கள் எழுந்து நின்றதுதான் சரி. போய் வாருங்கள்.