முப்பத்திரண்டு துருவ ஒளிகள்

சூரியனுக்கே ஏதாவது சந்தேகம் வந்தால் என் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எரியும். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். தராசில் அவளை ஒரு தட்டிலும், உலகத்து டீச்சர்கள் அத்தனை பேரையும் மறு தட்டிலும் ஏற்றினால், அத்தனை பேரும் அந்தரத்தில் தொங்குவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் சொல்கிறேன், நம்பலாம்.

போன வாரம் துருவ ஒளி நடத்தினாள். சூரியனிலிருந்து வரும் துகள்கள் துருவத்துப் பக்கம் காற்றில் மோதி, வானமே பச்சையும் சிவப்புமாகத் திரைபோல ஆடுமாம். அவளும் நேரில் பார்த்ததில்லை. தாள் முழுக்க வண்ணக் கிரேயான் பூசி, அதன்மேல் ஒரு பொட்டு தெரியாமல் கறுப்பு பூசச் சொன்னாள். குச்சியால் சுரண்டினால் இருட்டுக்குள்ளிருந்து ஒளி வரும். கீழே மூன்று வரி எழுத வேண்டும். வகுப்பிலிருந்த கறுப்பெல்லாம் அன்றே காலி.

அந்த வகுப்பில் பேசாமடந்தை என்று ஒருத்தி. ஆறு மாதமாகத் தன் பெயரைத் தவிர எதையும் எழுதாதவள், எழுதிவிட்டாள்: 'வானம் தூங்காம புரளுது. அதுக்கும் பயமா இருக்கும். நான் கையைப் பிடிச்சுக்குவேன்.'

அக்கா அதை அம்மாவிடம் நான்கு தடவை சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவ அம்மா வந்து இதச் சுவத்துல பாக்கணும்டி."

வியாழன் மதியம் வகுப்புச் சுவரில் படங்களை ஒட்டும்போது தலைமையாசிரியர் வந்தார். "பாடத்திட்டத்துல இது எந்தப் பக்கம் டீச்சர்? எங்க பாத்தாலும் கறுப்பு. பள்ளிக்கூடத்துல கரன்ட் இல்லையான்னு கேப்பாங்க!"

அத்தனை படமும் உடைந்த பெஞ்சுகளோடு ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. அவர் அறைச் சுவரில் மூன்று போட்டோ, மூன்றிலும் கேடயம் வாங்குவது அவரே. அது எந்தப் பாடத்திட்டத்தில் எந்தப் பக்கமாம்?

அக்கா வீட்டுக்கு வந்து, "விடுடி, பெரியவர்" என்றாள். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைத்தேன். மறந்துவிட்டாளே பாவம் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் விட்டார். ஸ்டோர் ரூமில் பூட்டு பேருக்குத்தான். கேட்டிலிருந்து தலைமையாசிரியர் அறைக் கதவு வரை, டேப் தீரும்வரை படங்களை ஒட்டினேன்.

பெற்றோர்கள் மொய்த்துவிட்டார்கள். சிவந்த முகத்தோடு தலைமையாசிரியர் வாயைத் திறக்கும்போதே ஒரு அப்பா, "சார், பிரமாதம்! உங்க ஐடியாவா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஹி ஹி... நம்ம பள்ளியோட சின்ன முயற்சி."

சின்ன முயற்சியாம்! மனுஷனுக்குக் கூச்சம் என்று ஒன்று வேண்டாமா? கத்தியிருப்பேன். ஆனால் பக்கத்தில் பேசாமடந்தையின் அம்மா, மூன்று வரியின்மேல் விரல் வைத்தபடி நகராமல் நின்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா, "யாரு ஒட்டினாங்கன்னே தெரியலையாம்டி" என்றாள்.

"அப்படியா? யாரோ நல்ல மனசுக்காரங்க."

"எங்கிட்ட முப்பத்திரண்டு பிள்ளைங்க. சுவத்துல முப்பத்திமூணு படம்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கறுப்பு கிரேயான் கிடைக்கலேன்னு அப்பாவோட ஷூ பாலிஷ எந்தப் பிள்ளைடி பூசும்?"

அவள் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள்: 'ஒருநாள் அக்காவை நிஜ ஒளி பார்க்கக் கூட்டிப் போவேன்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை என் கையில் திணித்தாள்.

"மூணு வரி கேட்டிருந்தேன். மிச்சம் ரெண்டு எங்க? உக்காந்து எழுது."