கவினியின் கைகளுக்காகப் போட்ட சண்டைகள்

சைகை மொழி டீச்சருக்குக் கை பழகுவதற்கு முன்னால் தோல் தடிக்க வேண்டும். என்னைப்போல வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருகிறவர்களே, சோமனூர்க் கவினி வீட்டுக் கதையை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

முந்தானைக்குள் கை

கவினிக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது மெஷின் வைத்தும் பயனில்லை. தண்ணீருக்கான சைகையை நான் காட்டியதும் அப்படியே திருப்பிக் காட்டினாள். அவள் அம்மா செல்வி சட்டென்று அந்தக் கைகளைப் பிடித்து முந்தானைக்குள் மறைத்தாள். வாசலில் ஆள் போகிறதாம். அப்பா பழனிசாமி, விசைத்தறி ஓட்டுகிறவர், மரியாதையாகத்தான் என்னை அனுப்பிவைத்தார்: "கையாட்டிப் பழகிட்டா அப்புறம் வாயே தொறக்க மாட்டாளுங்க. நீங்க இனி வர வேண்டாமுங்க, டீச்சர்."

தறிச் சத்தம்

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா நான்? அடுத்த வாரம் அவர் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கே போனேன். அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. பழனிசாமி நாலு தறி தள்ளி நின்ற கூட்டாளியிடம் நூல் அறுந்ததைக் கையால் சொன்னார். டீ வந்ததா என்று கையால் கேட்டார். முதலாளி வருவதைப் புருவத்தாலேயே எச்சரித்தார்.

வெளியே வந்ததும், இத்தனை வருசம் கையால் பேசி உங்கள் வாய் அடைத்துப்போய்விட்டதா என்று கேட்டேன்.  கூடவே வந்த கூட்டாளி முந்திக்கொண்டு அவரைக் கேட்டார்: "நாம நாளெல்லாம் பேசற பாசைய உம்புள்ளைக்கு மட்டும் ஏப்பா மறைக்கறே?"

பஸ்ஸில்

அந்த வாரமே பழனிசாமி என்னை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் கவினி சைகையில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் அவளோடும் செல்வியோடும் பஸ்ஸில் போகும்போது எங்கள் சைகைகளைப் பார்த்த ஓர் அம்மா முகத்தைச் சுருக்கி 'பாவம்' என்று உச்சுக்கொட்டினார். கவினி செல்வியிடம் ஏதோ கேட்டாள். செல்வி இந்த முறை எதையும் மறைக்கவில்லை, அந்த அம்மாவிடமே திரும்பினாள்: "உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு எம்புள்ள கேக்கறாளுங்க. சொல்லுங்க, அவகிட்ட சொல்றேன்."

சேர்க்கை

பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: வகுப்பில் கையாட்டக் கூடாது, மற்ற பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும். நான் வாயெடுப்பதற்குள் பழனிசாமி எழுந்துவிட்டார். இன்று கவினி அங்கே முதல் வரிசையில் உட்காருகிறாள். சனிக்கிழமைகளில் அந்த வகுப்பு முழுக்கவே என்னிடம் சைகை படிக்கிறது. எல்லாம் அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையால்: "கையில்லாம அவ படிக்கோணும்னா, வாயில்லாம நீங்க ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க, சார்."

இத்தனை வருசத்தில் காது கேளாத ஒரு குழந்தையிடமும் நான் எதையும் இரண்டாம் முறை சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்கிறவர்களிடம் கத்தித்தான் என் தொண்டை போயிற்று.