பாக்கெட்டைக் கிழிக்காத கத்தி

மடக்குக் கத்தி விற்கிற கடையில் நின்றால், ஊரில் யார் யார் சட்டைப்பையில் ஓட்டை இருக்கிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கத்தி பார்க்க வருகிறவர்கள் முதலில் பையிலிருக்கிற சாவி, பஸ் டிக்கெட், திருநீற்றுப் பொட்டலம், பாதி கடித்த பாக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கவுண்டரில் கொட்டுவார்கள். அப்புறம்தான் கத்தி. ஜவுளிக்கடை, செருப்புக்கடை, செல்போன் கடை என்று எங்காவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். கால் வலி நமக்கெல்லாம் ஒன்றுதான்.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவிலில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பன்னிரண்டாவதோடு படிப்பு போதும் என்று நானே முடிவு பண்ணி, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற செல்லையா அண்ணாச்சியின் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தேன். பூட்டு, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். மடக்குக் கத்திப் பெட்டி என் பொறுப்பு. தினமும் உடம்போடு வைத்துக்கொண்டு அலைகிற சாமான் என்பதால், நான் பளபளப்பு, நீளம் என்றெல்லாம் அளக்க மாட்டேன். வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: "எங்கன வைப்பிய?"

பன்னிரண்டு வேலை பார்க்கிற கத்தி

அண்ணாச்சி மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனவர், ஒரு பெட்டி நிறைய தடித் தடிக் கத்தியாக வாங்கி வந்துவிட்டார். கத்தி, ரம்பம், திருப்புளி, சோடா ஓப்பனர், டார்ச், திசை காட்டுகிற முள் என்று ஒன்றே பன்னிரண்டு வேலை பார்க்குமாம். கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி இருந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில், லைட்டுக்கு நேர் கீழே அடுக்கி வைத்து, காலையில் சாமி படத்துக்குக் காட்டுகிற பத்தியை அதற்கும் ஒரு சுற்று காட்டினார்.

முதலில் மாட்டியவன் இறுக்கமான ஜீன்ஸ் போட்ட ஒரு அண்ணன். கத்தியைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. முன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன் என்றான். "வச்சுட்டு இந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றேன். உட்காரப் போனவன் பாதியிலேயே நின்றுவிட்டான். "சரி, வெளிய போயி பைக்ல ஏறிப் பாருங்க" என்றேன். காலைத் தூக்கியவன் தூக்கின இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வந்து, கத்தியைப் பூ மாதிரி கவுண்டரில் வைத்துவிட்டு, "யோசிச்சிட்டு வாரேன்" என்றான். யோசிச்சிட்டு வாரேன் என்று போனவர் யாராவது உங்கள் கடைக்குத் திரும்ப வந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அவன் தலை மறைந்ததும் அண்ணாச்சி ஒரு கெடு வைத்தார். கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் இந்த மேல்தட்டு காலியாகாவிட்டால் என் இடத்துக்கு அவருடைய மச்சினன் மகன் வந்துவிடுவான். இது என் வீட்டுக்கும் தெரியும். கடை போய்விட்டால் திருப்பூரில் அத்தை வீடு, பனியன் கம்பெனி என்று அம்மா பேசி முடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் திருப்பூர் வேண்டாம், இந்தக் கவுண்டர்தான் வேண்டும். அதற்காகத் தொடையில் குத்துகிற கத்தியைக் குத்தாது என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. அதைச் சொன்னதற்கு அண்ணாச்சி கேட்டார்: "ஏட்டி, நீ இங்கன சாமான் விக்க வந்தியா, வந்தவங்கள பஸ் ஏத்தி விட வந்தியா?"

மஞ்சள் கைப்பிடி

குருவிகுளம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற ஒரு மாமா வந்தார். அவருக்கு எங்கே வைப்பது என்பதில் சந்தேகமே இல்லை. வேட்டியைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த பட்டாப்பட்டி டிராயரின் பையைத் தட்டிக் காட்டினார். ஆட்டுக்குட்டியே உட்காரலாம், அவ்வளவு பெரிய பை. இவருக்கு அந்தத் தடிக் கத்தி சரியாக வரும் என்று நானே எடுத்து நீட்டினேன். விரித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தால்தான் விரிந்தது. "ஒரு கையில ஆட்டுக் காலப் பிடிச்சிருப்பேன் தாயி, அது நான் கத்திய விரிக்கிற வரைக்கும் நிக்குமா?" என்றார். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

பெருவிரலாலேயே தள்ளித் திறக்கிற மாதிரி இன்னொன்று இருந்தது. திறந்ததும் லாக் விழுந்துவிடும், அறுக்கும்போது விரல் மேலே மடங்காது. கறுப்புக் கைப்பிடிதான் அழகாக இருக்கிறது என்று நான் அதை எடுத்தேன். அவர் பெட்டியின் மூலையில் கிடந்த மஞ்சளைக் கேட்டார். அம்மன் கோயில் உண்டியல் துணி மாதிரி கண்ணைக் குத்துகிற மஞ்சள். ஒருத்தரும் தொடாத சரக்கு. இது எதுக்கு மாமா என்று கேட்டேன். மஞ்சளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க கரிசல்ல கறுப்புக் கத்தி விழுந்தா, அடுத்த மழைக்கு மொளைச்சு வந்தாத்தான் உண்டு."

பையே இல்லாதவர்கள்

விசைத்தறியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, நூல் அறுக்கச் சின்னக் கத்தி வேண்டும் என்று வந்தாள். தறியில் நூல் சிக்கினால் நின்ற இடத்தில் நின்று அறுக்க வேண்டும், கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு ஓட முடியாது. நான் வழக்கம்போல "எங்கன வைப்பிய?" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் நைட்டியை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேர் உடம்பிலும் சேர்த்து ஒரு பை கிடையாது.

பர்ஸில் வைத்தால் பர்ஸை எடுக்க வேண்டும். கையில் வைத்தால் நூல் பிடிக்க முடியாது. ஊக்கு மாட்டுகிற மாதிரி தாலிச் செயினில் மாட்டலாமா என்று அவளே கேட்டு, அவளே வேண்டாம் என்றாள். கடைசியில் வளையம் வைத்த விரல் நீளக் கத்தி ஒன்றை எடுத்து வீட்டுச் சாவியோடு கோத்து நைட்டியின் இடுப்பு நாடாவில் மாட்டினேன். நடந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். குத்தவில்லை. சிரித்துக்கொண்டே போனவள் படியில் நின்று திரும்பிச் சொன்னாள்: "கத்தி கெடக்கட்டும் பிள்ள, பாக்கெட் வச்ச நைட்டி எங்கயாவது வந்தா எனக்கு மொதல்ல ஆள் அனுப்பு."

கையில் கொடுக்காதே

வாசுதேவநல்லூரிலிருந்து வயல்காரர் ஒருத்தரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். உர மூட்டை பிரிக்க, வரப்பில் இருந்துகொண்டு மாங்காய் நறுக்க ஒரு கத்தி. வைப்பது வேட்டி மடியில். மடியில் வைக்கிறவருக்கு வழவழ எவர்சில்வர் கைப்பிடி கூடாது. நாலு எட்டு வைத்தால் நழுவிக் காலில் விழும். சொரசொரவென்று மரக் கைப்பிடி போட்டது ஒன்றை எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். மனுஷர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழே வை என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வருமாம்.

எனக்குப் பொறுமை கம்மி. "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, நமக்குள்ள என்ன சண்ட வரப்போகுது?" என்றேன். "வரும்" என்றார். அது அப்போதே வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு கத்தியாக நான் வைக்க, அவர் எடுக்க, அவர் வைக்க, நான் எடுக்க, கடை வாசலைத் தாண்டி அவர்கள் பஸ் போயே போய்விட்டது. அந்த அம்மா பஸ் போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் இவுகளுக்குக் கீழ வச்சுத்தான் கொடுக்கேன், ஒரு நா சண்ட நின்னுருக்கா?"

அண்ணாச்சியின் இடுப்பு

தபசு நெருங்கிவிட்டது. மேல்தட்டு அப்படியே இருந்தது. இனிமேல் தடிக் கத்தி பார்க்க யார் வந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது, அவரே பேசிக்கொள்வார் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு சார் வந்தார். மத்தியானம் பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, சட்டைப்பையில் பேனாவோடு வைத்துக்கொள்ள ஒரு கத்தி. அண்ணாச்சி பன்னிரண்டு வேலையையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். கத்தி கடைசியில் நண்டு மாதிரி நின்றது. சார் அதைச் சட்டைப்பையில் போட்டதும் ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது.

சாருக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி எதும்மா வச்சிருக்காரு?" என்று கேட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே உத்தரவு. விரலை நீட்டி அண்ணாச்சி இடுப்பைக் காட்டினேன். அங்கே அருணாக்கயிற்றில் கல்லாச் சாவியோடு விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதை வைத்துக் கொய்யாப்பழம் நறுக்கித் தின்றார். சார் நண்டை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். "அதே சைஸ்ல ஒண்ணு குடுங்க. அருணாக்கயிறு வேண்டாம், எங்கிட்டயே இருக்கு."

பச்சை பெல்ட்

மறுநாள் மச்சினன் மகன் வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டி ஆட்டிப் பார்த்தான். எனக்குக் காதுக்குள் திருப்பூர் பஸ் ஹாரன் அடித்தது.

அவன் போன கொஞ்ச நேரத்தில், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மாடசாமி அண்ணன் வந்தார். நேராக மேல்தட்டைக் காட்டி, அதை எடு என்றார். நான் கேள்வி கூடக் கேட்கவில்லை. "வேண்டாம்ணே, பாக்கெட்டக் கிழிச்சிரும்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பின்னாலிருந்து அண்ணாச்சி பெருமூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது. மாடசாமி அண்ணன் சட்டையைத் தூக்கினார். லுங்கிக்கு மேலே கையகலத்தில் பச்சை பெல்ட். அதில் பட்டன் வைத்த பை ஒன்றல்ல, மூன்று. கத்தியை எடுத்து ஒன்றில் போட்டுப் பட்டனை அழுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மூட்டைக்குக் குனிகிற மாதிரி குனிந்தார். கத்தி இருக்கிற இடமே தெரியவில்லை. நான் எடுத்துக் காட்டிய சின்னக் கத்திகளை அவர் தடித்த விரலால் திறக்கவே முடியவில்லை. நகம் தேய்ந்த அந்தப் பெருவிரல், ஆட்டு மாமா இரண்டு கையாலும் இழுத்த தடிக் கத்தியை மட்டும் முதல் தள்ளிலேயே திறந்தது. நாள் முழுக்கச் சாக்குத் தையல் அறுக்கிற கைக்கு அதுதான் அளவு.

சந்தோஷத்தில் பில் நோட்டை எடுத்துவிட்டேன். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். டார்ச்சை நம்பாதீர்கள், மழை பட்டால் போய்விடும். திசை காட்டுகிற முள் சுத்த மோசம், எப்படித் திருப்பினாலும் வாசுதேவநல்லூரைத்தான் காட்டுகிறது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மாடசாமி அண்ணன் முள்ளை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் பெல்ட் பையில் போட்டார். "அங்கனதாம்மா நான் பொண்ணு எடுத்திருக்கேன். இது சரியாத்தான் காட்டுது."

காலித் தட்டு

தபசுக்குப் பந்தல் போட ரோடெல்லாம் குழி தோண்டிக்கொண்டிருந்த அன்று, ஒரு மினி லாரி கடை முன்னால் நின்றது. உள்ளேயிருந்து பச்சை பெல்ட்டாக இறங்கியது. மாடசாமி அண்ணன் முன்னால், மார்க்கெட் ஆட்கள் பின்னால். முள் ஓடாது, டார்ச் எரியாது என்று வாசலிலேயே அவர் சொல்லிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் ஒருத்தரும் சும்மா வாங்கிப் போகவில்லை. பெல்ட்டில் போட்டு, வரிசையாக என் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார்கள். அண்ணாச்சி கத்தியைப் பார்க்காமல் ஸ்டூல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தாங்கியது. மேல்தட்டு காலி. லைட் வெறும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

லாரி போனபிறகு அண்ணாச்சி நிறைய நேரம் கல்லாவைத் திறந்து மூடினார். அப்புறம், அடுத்த தடவை மதுரைக்குப் போனால் என்ன எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார். மச்சினன் மகனைக் கேளுங்கள் என்றேன். அவனுக்கு ராஜபாளையத்தில் வேற இடம் சொல்லியாச்சு என்று முணுமுணுத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து அவர் இடுப்பில் தொங்குவது மாதிரியே ஒரு குட்டிக் கத்தியை எடுத்தார். உனக்குத்தான் என்றார். கையை நீட்டினேன். அவர் கத்தியைக் கண்ணாடி மேல் வைத்து, ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். "கையில தரமாட்டேன். இப்பவே நீ போடுத சண்ட போதும்."

ஊருக்கெல்லாம் எங்கன வைப்பிய என்று கேட்டுக் கேட்டு விற்ற எனக்கு, இந்தச் சுடிதாரில் என் கத்தியை வைக்கத்தான் இன்னும் ஒரு இடம் கிடைத்தபாடில்லை.