குளிர் எங்கே ஏறியது

பெரு நாட்டின் மலை நகரம் ஹுலியாக்காவில், பேருந்து நிறுத்தத்து முக்கில் முப்பத்தொரு வருஷமாகத் தள்ளுவண்டியில் எமொலியெந்தே விற்கிறவள் எர்மெலிந்தா. வறுத்த பார்லி, ஆளிவிதை, குதிரைவால் செடி எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம். நீர்க்கடுப்பு என்று வரும் பெண்கள் ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு அவளை வாழ்த்திக்கொண்டு போவார்கள். அவளுக்கே நீர்க்கடுப்பு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? அறுபத்தெட்டு வயதில் இது என்ன கேவலம் என்று மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் போனாள். தலைநகர் லிமாவிலிருந்து புதிதாக வந்த டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. அந்தப் பக்கத்துப் பெண்கள் இந்த நோயைக் "கீழே குளிர் ஏறிடுச்சு" என்பார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் "கீழே" மட்டும் வாயில் வரவில்லை.

"குளிர் ஏறிடுச்சு, டாக்டர்."

"இந்த ஊர்ல யாருக்குத்தாம்மா ஏறல?" என்று சிரித்துவிட்டு ஜலதோஷ மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒன்று விடாமல் விழுங்கினாள். படித்த பிள்ளை தப்பாகவா கொடுக்கும்?

அடுத்த வாரம் புத்தி தடுமாறியது. வந்தவர்களையெல்லாம் செத்துப்போன தங்கையின் பெயர் சொல்லி அழைத்தாள். எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் கிளாஸ் கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். மகன் வில்பர் வந்து பார்த்தான்.

"அம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சு. இனிமே வீட்டோட கெடக்கட்டும். யெனி, நாளையிலேர்ந்து வண்டிய நீ பாத்துக்க" என்றான் மனைவியிடம்.

அத்தனை கலக்கத்திலும் அது மட்டும் எர்மெலிந்தாவுக்கு நன்றாகவே புரிந்தது. வண்டி போனால் அப்புறம் அவள் யார்? மகன் வீட்டு மூலையில் ஒரு கிழவி. சண்டை போடத் தெம்பில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாமியாரின் பாவாடைகளைத் துவைத்தது யெனிதான். ஐந்து பாவாடை, ஐந்திலும் ஒரே நாற்றம். மறுநாள் வண்டியை மூடிய கையோடு கிழவியைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்று முதலில் பார்த்தவள் உள்ளூர் நர்ஸ்.

"குளிர் ஏறிடுச்சு" என்றாள் எர்மெலிந்தா, பழையபடி.

"எங்கம்மா ஏறுச்சு?"

தலையைக் குனிந்துகொண்டு அடிவயிற்றில் கையை வைத்தாள்.

சிறுநீரைச் சோதித்தார்கள். டாக்டர் காது சிவக்க வேறு மாத்திரை எழுதினார். "கிருமித் தொத்து முத்திப்போச்சு" என்றாள் நர்ஸ். "வயசானவங்களுக்கு இது புத்தியக்கூடக் கலக்கும். மாத்திரையில தெளிஞ்சிரும். நெறைய தண்ணி குடிங்க. வந்தா அடக்கி வைக்காதீங்க."

பத்தாம் நாள் தலை தெளிந்தது. வண்டியைத் திரும்பக் கேட்க அன்று காலையே புறப்பட்டாள். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். வண்டிக்குப் பின்னால் யெனி காலைப் பின்னிக்கொண்டு, முகம் வெளிறி நின்றாள்.

"வந்துட்டீங்களா! நீங்களே வச்சுக்குங்க அத்தே, நம்மால ஆகாது. நானும் பத்து நாளாப் பாக்குறேன், இங்க ஒண்ணுக்கு அவசரம்னா எங்கதான் போறது?"

முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"போறதில்லடி" என்றாள்.