பூ வைத்த தையல் மெஷின்

ஜெயக்கொடிக்குப் பேரம் பேச வராது. அதற்காகத்தான் என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹில்டா டீச்சர் வாயைத் திறந்தால் கடைக்காரன் கடையைக் கட்டிவிடுவான் என்று பொழிச்சலூரில் எனக்குப் பேர். எண்பத்தேழாம் வருஷம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அவள் புருஷன் தசரதன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷெட்டை மூடிவிட்டார்கள். இவளோ தெருப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் துணியையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, தைக்க மெஷின் தேடி அலைந்தாள். "மெஷினை வாங்கிட்டுத் துணியை வாங்கக் கூடாதாடி?" என்று திட்டினேன். கம்மலை விற்றுவிட்டு, காதுத் துளையில் துடைப்பக்குச்சியைச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

சந்தையில் சம்பந்தம் என்கிற ஆள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரே ஒரு சாமான்தான். கையால் சுற்றுகிற தையல் மெஷின். மேலே கவிழ்த்து மூட மரப்பெட்டி, தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. ஜெயக்கொடி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. நான் விலையைக் கேட்பதற்குள் அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என் பொஞ்சாதி தச்ச மெஷின்மா. மஞ்சக்காமாலைல செத்துப் பூட்டா. பாக்கப் பாக்க வயிறு எரியுது."

அவன் சொன்ன விலையைக் கேட்டு, "அதுக்காக இந்த விலையா?" என்று ஆரம்பித்தேன். ஜெயக்கொடி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"செத்தவங்க பொருள்க்கா. பேரம் வாணாம்."

அவன் கேட்டதை அப்படியே கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சுமங்கலியாகப் போனவள் மனம் குளிர்ந்தால்தான் மெஷின் ஓடும் என்று அவளுக்கு நம்பிக்கை. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், பூச்சரம் சாத்தினாள். வீட்டில் அப்படிச் செத்தவளுக்குப் பூவாடைக்காரி என்று படைக்கிற மாதிரி வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துண்டும் வைத்துக் கும்பிட்டாள். தினமும் தைக்க உட்காரும்போது, "யக்கா, உன் மெஷினு. நீயே கூடக் குந்திகினு தச்சிக் குடு" என்பாள். நான் கர்த்தரைக் கும்பிடுகிறவள், எனக்கு இதெல்லாம் ஒட்டாது. ஆனால் மெஷின் என்னவோ தகராறில்லாமல் ஓடியது. நானும் லீவுதானே என்று அவள் வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தேன்.

இன்னும் பாதிச் சட்டைகள் தைக்க பாக்கி. மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குச்சி மாதிரி உடம்பு. வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்கியது. கண் மட்டும் மெஷினை விட்டு அசையவில்லை.

"இத்த யாரு உங்களுக்கு வித்தது?"

"நீ யாரும்மா?" என்றேன்.

"தனக்கோடி. இது என் மெஷினு. நான் கூடுவாஞ்சேரில அம்மா வூட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா காணோம். திருட்டுப் போச்சுன்றான் என் ஊட்டுக்காரன். சந்தைல வளையல்காரிதான் சொன்னா, கண்ணாடி போட்ட அம்மாவும் காதுல குச்சி வச்ச பொம்பளையும் பொழிச்சலூர் பஸ் ஏறினாங்கன்னு. மரியாதையா குடுத்துடுங்க. இல்லாட்டி ஸ்டேஷனுக்குப் போவேன்."

"உன் மெஷின்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்று எகிறினேன்.

அவள் நேரே உள்ளே வந்தாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை உருவிப் போட்டாள். பெட்டியைக் கவிழ்த்து, முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினாள். அந்த ஆள் எங்களுக்குச் சாவியே தரவில்லை. அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது?

ஜெயக்கொடி எழுந்து நின்றாள். "உங்க ஊட்டுக்காரர் பேர் இன்னாக்கா?"

"சம்பந்தம். ஏன்?" என்றவள் அப்போதுதான் பூவையும் குங்குமத்தையும் பார்த்தாள். "எதுக்கு இதெல்லாம்? ரவிக்கைத் துண்டு யாருக்கு?"

"உங்களுக்குத்தான்க்கா. காமாலைல பூட்டீங்கன்னாரு. தெனம் கும்புட்டேன்."

கடவுளே, இப்படியும் ஒரு கொடுமை உண்டா! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தனக்கோடி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அழுதானா?" என்று கேட்டாள்.

"அழுதாரு."

"காமாலை நெஜமாத்தான் வந்துச்சு. பத்தியத்துக்குத்தான் அம்மா வூட்டுக்குப் போனேன். ஒரு நாள் எட்டிப் பாக்கல, படுபாவி."

ஜெயக்கொடி, "உங்க பொருள். தூக்கிகினு போங்கக்கா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்மலும் போய், மெஷினும் போய், துணி கொடுத்தவர்களுக்கு இவள் என்ன பதில் சொல்வாள்? "பைத்தியமாடி நீ?" என்று கத்தினேன்.

தனக்கோடி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். வாசல் வரை போய் நின்றாள். திரும்பி வந்து இறக்கி வைத்தாள்.

"வூட்டுக்கு எடுத்துகினு போனா மறுபடி வித்துடுவான். பொட்டி இங்கயே கெடக்கட்டும், சாவி என்கிட்ட. காலைல வந்து தொறக்கறேன். நீயும் தை, நானும் தைக்கறேன்."

"வராட்டி?" என்றேன்.

"வருவேன் டீச்சரம்மா."

மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் திறப்பு. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து சட்டை எங்கே என்று கேட்டார்கள். ஒருத்தி துணியைத் திருப்பிக் கொடு என்றே கேட்டுவிட்டாள். தசரதன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். ஜெயக்கொடி பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒடச்சா நம்மளும் அந்த ஆளும் ஒண்ணுதான்."

"ஒடைங்க தசரதன், நான் சொல்றேன்" என்றேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் நகரவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு தனக்கோடி வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள், விரல்கள் பருத்திருந்தன.

"சாவியக் கேட்டான்" என்றாள். "குடுக்கல, கொண்டைல சொருகிகினேன்."

தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். ஜெயக்கொடி அவள் கொண்டையை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். பெட்டியைத் திறந்து, சட்டையை ஊசிக்கடியில் வைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை, பட்டன் டப்பாவைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு எடது கை நல்லாத்தான் கீது" என்றாள் தனக்கோடி. "நான் துணி பிடிக்கறேன். நீ சுத்து, புள்ளைங்க காத்துகினு இருக்கும்."

ஜெயக்கொடி அழுதுகொண்டே சுற்றினாள்.