அண்ணன் செருப்பைக் கழற்றிய காடு

அமெரிக்கப் புத்தகங்களில் வரும் காடுகள்மேல் எனக்கு ஒரு காலத்தில் பைத்தியமே இருந்தது. இன்று அவற்றைத் திறந்தால் கோபம்தான் வருகிறது. பாதிக் கோபம் புத்தகங்கள்மேல். மீதி, இருபது வயதில் அவற்றை அப்படியே நம்பிய என்மேல்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, முந்தைய வருடம் அது. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மேல் தேர்வுக்காக ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். டவுனில் ஒரு வாசகசாலையில் அமெரிக்கப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. எதை எடுத்தாலும் உள்ளே ஒரு காடு இருக்கும். மனம் நொந்தவன் ஒருவன் ஊரையும் உறவையும் விட்டுவிட்டுத் தனியாக அதற்குள் போவான். காடு அவனை ஒரு கேள்வியும் கேட்காது. ஆறு ஓடும், பறவை கத்தும், அவன் அழுவான். வெளியே வரும்போது ஆள் தேறியிருப்பான். படித்துவிட்டு நானும் அழுவேன், ஏனென்றால் மனம் நொந்தவர் ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவையும் அண்ணனையும் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு ஆறு. சண்டை முடிந்து அண்ணன் மட்டும்தான் திரும்பி வந்தார். வாசலிலேயே நிறுத்தி வைத்து அம்மா கேட்டார்.

"அப்பா எங்கடா?"

"தெரியலம்மா."

அதற்குமேல் பத்து வருடமாக அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. தினமும் குளித்ததும் குங்குமம் வைத்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் சந்தனத் தட்டு எங்கள் பக்கம் வரும்போது ஏந்தி வருகிற பெண்ணின் கை ஒரு நொடி தயங்கும். அம்மா தானே விரலை நீட்டித் தொட்டுக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஒன்று அப்பா வரவேண்டும், இல்லை அவர் இல்லை என்றாவது யாராவது சொல்லவேண்டும். சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்காமல் பஸ் கம்பெனிப் பட்டறைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

அண்ணனுக்கு மரம் ஆகாது. இந்த வீட்டுக்கு வந்த வாரமே வாசலில் இருந்த ரம்புத்தானை வெட்டிவிட்டார், பிறகு வாழையை. சுற்றியிருந்த, தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழும் செட்டிகளின் வீடுகளில் செம்பருத்தியும் மல்லிகையும் வேலிக்குமேல் எட்டிப் பார்க்கும். எங்கள் வாசல் மட்டும் சவரம் செய்த மாதிரி இருக்கும். அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் கறிவேப்பிலை நட்டு, அவர் கண்ணில் படாமல் சமையலறைக்குள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சைக்கிளில் கிளேபாங் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர்தான்.

சாயங்காலங்களில் அந்தப் புத்தகங்களில் ஒன்றைத் தமிழில் சொல்லி அவருக்கு வாசித்துக் காட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் காட்டுல முன்ன ஆளுங்களே இல்லையா?"

"இருந்தாங்கண்ணே. அந்த ஊருப் பழங்குடிங்க. போயிட்டாங்கன்னு ஒரு வரி இருக்கு."

"எப்படிப் போனாங்களாம்?"

"அது எழுதல."

"அவ்வளவு பேரு போன எடத்துல இவரு போயி நிம்மதியா தூங்குறாரா? தைரியசாலிதான் லா."

நான் சிரித்தேன். புத்தகம் படித்த திமிர். அவர் கேட்டது எந்தக் காட்டைப் பற்றி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. காட்டுக்குக் கூட்டிப் போனால் இவர் வாய் திறக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மலாக்காப் பக்கம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்காகப் போட்டிருந்த ஊரடங்கெல்லாம் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது, காட்டோரம் போய்வர இப்போது தடை இல்லை. மூன்று வாரம் கெஞ்சினேன். கடைசியில் எனக்காகத்தான் வந்தார்.

அம்மா புளிச்சோறு கிளறி வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். ஆயர் குரோ பக்கம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அண்ணன் நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. புத்தகத்தில் வருகிற மாதிரியே காட்டைக் கோயிலாக நினைக்கிறார் என்று நானும் கழற்றினேன்.

உள்ளே போன பிறகு அவர் நடந்த விதம்தான் என்னைக் கலக்கியது. தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். மேடாக இருந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"என்னண்ணே?"

"மிதிக்கிற எடத்துல யாரு படுத்திருக்காங்களோ."

ஒரு பெரிய மரத்தடியில் நான் இலையைப் பிரித்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு பிடி சோற்றை எடுத்து, கீழே கிடந்த அகலமான இலை ஒன்றில் வைத்தார். உடனே பதறிப்போய் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கையில் சோற்றோடு நின்று அழ ஆரம்பித்தார்.

"வைக்கலாமான்னு தெரியல தங்கச்சி. செத்தவங்களுக்குத்தான் படைக்கணும்."

பிறகு சொன்னார். பாதை போட்ட இடத்தில் காலரா வந்ததாம். படுத்தவர்களைக் காட்டுக்குள் ஒரு கொட்டகையில் கொண்டு போய்ப் போடச் சொல்வார்களாம். அண்ணனும் இன்னொருவரும் தூக்கிப்போன கடைசி ஆள் அப்பா. இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா தண்ணீர் கேட்டிருக்கிறார். காவல்காரன் அண்ணனை அடித்து விரட்டிவிட்டான். மறுநாள் விடியும் முன்பே முகாமை வேறு இடத்துக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

"நான் வரும்போது உசுரோட இருந்தாரு. கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. செத்துட்டாருன்னு அம்மாகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அம்மா தாலிய நான் அறுக்குறதா?"

புத்தகத்தில் காட்டுக்குப் போனவன் தேறி வருவான். என் அண்ணன் அன்று பத்து வயது கூடித் திரும்பினார். காடு கேள்வி கேட்காது என்று எழுதியவர்கள் யாரையும் அதற்குள் விட்டுவிட்டு வராதவர்களாக இருக்கவேண்டும்.

வீட்டில் அம்மா இலையை அவிழ்த்துப் பார்த்தார். சோறு அப்படியே இருந்தது. அண்ணன் கிணற்றடிக்குப் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவன் ஏதாச்சும் சொன்னானா?"

நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய கயிறு.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நல்லது. சொல்லாமலே இருக்கட்டும்."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. புத்தகத்தை மறுநாளே வாசகசாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மெர்டேக்கா வந்தது. டவுனெல்லாம் கொடி, வெடிச் சத்தம். அதற்கடுத்த வருடம் அம்மா காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். சடங்கு செய்ய வெளியூரிலிருந்து வந்தவருக்கு எங்கள் கதை தெரியாது. பூவும் மஞ்சளுமாக அனுப்புவதா, தாலியைக் கழற்றுவதா என்று அவர் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

"தம்பி, அப்பா இருக்காருங்களா?"

கூடியிருந்த சொந்தமெல்லாம் அண்ணனைப் பார்த்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்காரு."

சிவப்புப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. அம்மா அப்படித்தான் போனார்.

பதினாறாம் நாள் தெங்கேரா கடற்கரையில் சடங்கு முடிந்து காக்கைக்குச் சோறு வைக்கவேண்டும். அண்ணன் ஒரு பிடி எடுத்து அம்மாவுக்கு வைத்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். இன்னொரு பிடி எடுத்து, பக்கத்தில் வைத்தார். இந்த முறை அதைத் திரும்ப எடுக்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். அந்த இரண்டாவது பிடிச் சோற்றருகே சொம்பை வைத்துவிட்டு, "குடிங்கப்பா" என்றார்.